துடுப்பு நின்ற கஞ்சி

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலின் பின்கட்டுக்கு வந்தபோது, நோன்புக் கஞ்சி அண்டாவின் நட்டநடுவில் மரத்துடுப்பு தன்னந்தனியாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. பிடித்திருக்க வேண்டிய அப்துல் சுக்கூர் கொத்தமல்லிக் கட்டை மடியில் வைத்தபடி தள்ளி உட்கார்ந்து, கிள்ளிய தழையைக் கீழே போடவும் மறந்து, துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சுக்கூர் பாய், கஞ்சிக்குக் கொடியேத்தியாச்சா?" என்றார் முதலில் வந்தவர்.

"நாகூர்ல கூட இவ்வளவு நேரா நிக்காது" என்றார் அடுத்தவர்.

சுக்கூர் எழுந்து துடுப்பைப் பிடித்து இழுத்தார். துடுப்போடு கஞ்சியும் வந்தது. கஞ்சியோடு அண்டாவும் வரப்பார்த்தது. மெல்ல விட்டுவிட்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம். நோன்பு பங்குனிக் கடைசியும் சித்திரையுமாக வந்து மாட்டிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து மாலையில் ஊர்மேல் கொப்பளிக்கிற காலம். தெப்பக்குளத்தோரம் நன்னாரி சர்பத் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. சுக்கூரோ ரமலான் வந்தால் மத்தியானமே கடைப் பலகையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசல் கஞ்சிக்குப் போய்விடுவார். கூலி கிடையாது. நன்மை உண்டு. அதைவிட, துடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலுபேர் முன்னால் நிற்கிற ஒரு மிதப்பு உண்டு. "சர்பத் குடிக்க வர்றவன் தாகத்தோட போறான், கஞ்சி குடிக்க வர்றவன் பசியோட போறான், எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தொழில்" என்பாள் அவர் மனைவி ரஷீதா.

அவருக்கு ஒரே ஒரு குறை. வருஷாவருஷம் கஞ்சி ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "கஞ்சி எப்படிங்க இருக்கு?" எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "அல்ஹம்துலில்லாஹ்." இறைவனுக்கே புகழ் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் என்ன கேட்பது? புகழ் அவனுக்குப் போகட்டும், நியாயம்தான். கஞ்சிக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சுக்கூரின் சந்தேகம்.

அன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் அதிகம் வரும் என்று சுக்கூர் அரிசிக் குருணையைக் கூட்டவில்லை, தண்ணீரைக் கூட்டினார். பாசிப்பருப்பும் வெந்தயமும் வெந்து, இஞ்சி பூண்டு மணந்து, தேங்காய்ப்பால் இறங்கிய பிறகும் கஞ்சி வடிகஞ்சி மாதிரி ஓடியது. துடுப்பிலிருந்து சொட்டுகிறதைப் பார்த்து அவருக்கே நெஞ்சு சொட்டியது. அப்போதுதான் கடையிலிருந்த டின் ஞாபகம் வந்தது.

அந்த டின்னைக் கொடுத்தவன் சின்னையா. முசிறிக்காரன். எசன்ஸ், கலர், வாசனைப் பொடி என்று பை நிறையச் சாமான்களோடு சர்பத் கடை, மெஸ், ஐஸ் கம்பெனி என்று சுற்றுகிறவன். "பம்பாய் மாவுண்ணே. பாதாம் பிசின் ராத்திரி ஊறப்போட்டாத்தான் காலையில. இது கண் முன்னாடியே கெட்டியாகும். ஒரு பானைக்கு ஒரு சிட்டிகை" என்றான். எதில் செய்தது என்று கேட்டதற்கு, "அது கம்பெனி ரகசியம்ண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனான்.

சுக்கூர் கடைக்கு ஓடிப்போய் டின்னை எடுத்துவந்து ஒரு சிட்டிகை போட்டார். கிண்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சிட்டிகை. கஞ்சி அவரைச் சட்டை செய்யவே இல்லை. ஒரு கைப்பிடி. அதற்கும் அசையவில்லை. பம்பாய்க்காரனே இப்படித்தான் என்று சலித்துக்கொண்டு, டின்னை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ஒரு பக்கமாகச் சாய்த்த டின் எப்போது நேராகக் கவிழ்ந்தது என்பதில் அவருக்கே தெளிவில்லை. பிறகு கொத்தமல்லி கிள்ள உட்கார்ந்தார். மாவுக்கு ஊற நேரம் வேண்டும் என்பதை, அந்த மாவு தன் பாட்டுக்கு அண்டாவுக்குள் ஊறிக் காட்டியது.

பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தார்கள். கஞ்சியை ஊற்ற முடியவில்லை, வைக்கத்தான் முடிந்தது. நடுநடுவே ஊறாத மாவு மீன்கண் மாதிரி வெள்ளை வெள்ளையாக முழித்தது. தூக்குச்சட்டியோடு வந்திருந்த பக்கத்துத் தெரு அமிர்தம், வாங்கிய கஞ்சியைச் சந்தேகத்தோடு கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை.

"பாய், இதைக் கத்தி வச்சு அறுத்துச் சாப்பிடறதா?"

"போன மாசம் எலெக்‌ஷனுக்குப் போஸ்டர் ஒட்டுன பசையில மிச்சம் இருந்திருக்கும்மா" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "இதுல ஒட்டியிருந்தா தோத்த ஆளு கூட இன்னும் செவுத்துலயே இருந்திருப்பாரு."

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி முஜிபுர் ரஹ்மான் மட்டும் சிரிக்கவில்லை. சுக்கூரின் மகள் சுராயாவை அவருடைய மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. சம்பந்தி முகம் கோணக்கூடாது என்று ஒரு பீங்கான் நிறைய வாங்கி, மென்று, விழுங்கி, மறுபடி மென்று முடித்தார்.

"எப்படிங்க இருக்கு சம்பந்தி?"

முத்தவல்லி நெடுநேரம் யோசித்தார். அல்லது விழுங்கிக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

வீட்டுக்கும் ஒரு தூக்கு போனது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த சுராயாவுக்குத்தான். எட்டாம் மாதம் என்பதால் அவளுக்கு நோன்பு இல்லை. ஆனால் அத்தாவின் கஞ்சி தவறாமல் உண்டு. சுக்கூர் வீட்டுக்குத் திரும்பியபோது தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"அல்ஹம்துலில்லாஹ் அத்தா" என்றாள் சுராயா, கண்ணைத் தாழ்த்தி.

முழுத் தூக்கையும் காலி பண்ணியிருக்கிறாளே என்று சுக்கூருக்கு மனசு நிறைந்தது. ஊரே சிரித்தால் என்ன, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது.

மறுநாள் காலையில் சுராயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வயிறு இழுத்துப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது என்றாள். ரஷீதாவின் முகம் வெளுத்துப்போனது. குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கன்னியாஸ்திரி அம்மாக்கள் நடத்துகிற பிரசவ ஆஸ்பத்திரி. வண்டியில் ரஷீதா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"நேத்து ராத்திரி அவ குடிச்சது உங்க கஞ்சி ஒண்ணுதான்."

சுக்கூருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நர்ஸ் லூர்துராணி சுராயாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். நடையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம்.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சிங்க."

"கஞ்சியில?"

"மாவுங்க."

"என்ன மாவு?"

"பம்பாய் மாவுங்க."

"பம்பாய்ல கோதுமையும் வெளையுது, பேதி மருந்தும் விக்கிது. எதுல செஞ்ச மாவு? டாக்டரம்மா கேக்குறாங்க."

பெற்ற மகளுக்கு எதைப் போட்டுக் கொடுத்தோம் என்று தெரியாத ஒரு தகப்பன் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று சுக்கூருக்குத் தெரியவில்லை. இருக்கிற முகத்தையே வைத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?"

"மாதா இருக்காங்க, பாய். நீங்க போய் அது என்னன்னு கேட்டுட்டு வாங்க."

சின்னையா சனிக்கிழமையானால் ஸ்ரீரங்கத்துப் பக்கம் சுற்றுவான் என்பது மட்டும் தெரியும். சுக்கூர் சைக்கிளை எடுத்தார். நோன்பு வாய், உச்சி வெயில், எதிர்க்காற்று. காவிரிப் பாலத்துக்குக் கீழே ஆறு என்ற பெயரில் மணல்தான் கிடந்தது. அங்கங்கே ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். ஒரு சிட்டிகை என்று சொன்னானே, ஒரு சிட்டிகை என்று சொன்னானே என்று பெடல் ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டு வந்தது. முஜிபுர் ரஹ்மானும் அமிர்தமும் அத்தனை பேரும் அதைத்தான் தின்றார்கள், எல்லோருக்கும் வயிறு உப்பியதோடு சரி என்று ஒரு பக்கம் மனசு ஆறுதல் சொன்னது. அவர்கள் வயிற்றுக்குள் பிள்ளை இல்லையே என்று இன்னொரு பக்கம் மடக்கியது.

தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சின்னையா அகப்பட்டான். மெஸ் வைத்திருந்த ரங்கசாமி ஐயங்காரிடம், பாயசம் நீர்க்காமல் நிற்பதற்கு அதே மாவைத்தான் விற்றுக்கொண்டிருந்தான்.

"ஐயா, வாங்காதீங்க!" என்று சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலே கத்தினார் சுக்கூர். சைக்கிள் விழுந்தது.

"வாங்கண்ணே! மாவு எப்படி?" என்றான் சின்னையா.

"எம்மவ ஆஸ்பத்திரியில கெடக்கா. எதுல செஞ்சதுடா அது? விஷமா? பசையா?"

சின்னையாவின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் தொழில் போகவில்லை. "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க. வடக்கத்திக்காரங்க ஐஸ்கிரீம்லயே போடறாங்க."

"ஐஸ்கிரீம்ல போடறது இருக்கட்டும். எதுல எடுக்கறது?"

"அது கம்பெனி..."

"ஐயா, நீங்களே சொல்லுங்க" என்று ஐயங்காரிடம் திரும்பினார் சுக்கூர். "இதைச் சாப்பிடலாமா, கூடாதா?"

ஐயங்கார் மாவை விரலால் தொட்டு, மோந்து, கோபுரத்துப் பக்கம் பார்த்தார். "பெருமாள் பாத்துப்பர் ஓய்."

அல்லாவும் மாதாவும் பெருமாளும் ஒரே நாளில் தன் மகளைப் பார்த்துக்கொள்வது பெரிய பாக்கியம்தான் என்று சுக்கூருக்குப் பட்டது. ஆனால் டாக்டரம்மா கேட்டது அதை இல்லை.

சின்னையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "விஷமாண்ணே? விஷத்தையா விக்கிறேன்? இந்தா பாருங்க" என்றவன், ஒரு கரண்டி மாவை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் கூட இல்லாமல்.

முதலில் வெற்றியோடு பார்த்தான். பிறகு கண் லேசாக விரிந்தது. தாடை ஒரு தடவை அசைந்தது, மறு தடவை நின்றுவிட்டது. எச்சில் பட்ட மாவு வாய்க்குள்ளேயே பிடித்துக்கொண்டு ஊத ஆரம்பித்திருந்தது. கையைக் காட்டினான், கழுத்தைக் காட்டினான்.

"என்னடாப்பா, சொல்லேன்!" என்றார் ஐயங்கார்.

"ஐயா, அவன் சொல்லலை, சாகறான்!"

சுக்கூர் அவனைக் குனிய வைத்து முதுகில் அறைந்தார். விரலை விட்டு வழித்து எடுத்தார். வழித்தது விரலை விட மறுத்தது. ஐயங்கார் செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியதில் மெஸ் வாசலில் வழுக்கி விழத் தக்க ஓர் இடம் உண்டானது. எச்சில் கையோடும் காய்ந்த வாயோடும் சுக்கூர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரகசியம் முழுவதும் வெளியே வந்துவிட்டதால் சின்னையாவிடம் இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

"கொத்தவரங்காண்ணே" என்றான்.

"என்னது?"

"கொத்தவரங்கா வெதை. உமியை நீக்கிட்டு உள்ள இருக்கற பருப்பை அரைச்சது. அவ்வளவுதான். சொன்னா யாருண்ணே வாங்குவா? கொல்லையில காய்க்கிறதுக்குப் பம்பாய்ல இருந்து வரவழைப்பாங்களா?"

சுக்கூருக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வாயில் வந்து முட்டின. "சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. சக்கரையோடயோ எண்ணெயோடயோ கலந்து, தண்ணியில நல்லாக் கரைச்சுத்தான் போடணும். வெறும் மாவா முழுங்கக்கூடாது." தொண்டையைத் தடவிக்கொண்டான். "அது இப்பத்தான் எனக்கே தெரியும். நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"டின்னு."

"முழு டின்னா?"

"டின்னைப் போடலை. உள்ள இருந்தது மட்டும்."

ஐயங்கார் அதுவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொத்தவரங்காய் வாயுவாச்சே ஓய்! திருவாரூர்த் தேர் மாதிரின்னா நகரணும் ஊர் ஜனமெல்லாம்" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, விழுந்த சைக்கிளைத் தானே தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைக் காலுக்கிடையில் பிடித்து, திரும்பியிருந்த ஹாண்டில்பாரை நேராக்கினார். "போம். குழந்தை சௌக்கியமா இருப்பள்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டரம்மா சுராயாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். சுக்கூர் மூச்சு வாங்கச் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொத்தவரங்காயா? அப்ப பயமில்லை. ரொம்பச் சாப்பிட்டிருந்தா காத்து கட்டிப் பிடிச்சு இழுக்கும். குழந்தை நல்லா அசையுது. பிரசவ வலி இல்லை. ராத்திரி இருக்கட்டும், காலையில பார்க்கலாம்."

"கஞ்சியாலதாங்களா வலி?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றுவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

லூர்துராணி பின்னாலேயே வந்தாள். "பாய், இனிமே சாப்பாட்டுல செவுரு பூசாதீங்க" என்றவள், அவர் உதட்டைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நோன்புன்னு சொன்னாங்க உங்க வீட்டம்மா. பாங்கு சத்தம் இங்க கேக்காது. மணி பாத்து நான் வந்து சொல்றேன். தண்ணி எடுத்து வைக்கிறேன்."

சாயங்காலம் வலி விட்டுவிட்டது. சுராயா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரஷீதா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காற்று கொஞ்சம் அசைய ஆரம்பித்திருந்தது. சுக்கூர் மூலையில் ஸ்டூலில் தொழுகைத் தொப்பியை மடியில் வைத்து மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

லூர்துராணி வந்து சொல்லி, தண்ணீர் குடித்து நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில் முஜிபுர் ரஹ்மான் வந்தார். கையில் தூக்கு. சட்டையில் மஞ்சள் கறை. புருவத்தில் கொஞ்சம் புகை.

"இன்னைக்கு நானே துடுப்பைப் பிடிச்சேன் சம்பந்தி. ஆள் இல்லை" என்றார், குற்றம் செய்தவர் போல. "மருமகளுக்குக் கொண்டாந்தேன். குருணை, பருப்பு, தேங்காப்பால். வேற ஒண்ணும் போடல." 'வேற ஒண்ணும்' என்பதைச் சொல்லும்போது அவர் சுக்கூரைப் பார்க்கவில்லை. அது பெரிய மனசு. மருமகளின் தலையில் கை வைத்து ஓதிவிட்டு, ஊதியிருந்த தன் வயிற்றையும் ஒருமுறை தடவிக்கொண்டு மக்ரிப் தொழக் கிளம்பினார். ரஷீதா அவரை வாசல் வரை வழியனுப்பப் போனாள்.

சுராயா தூக்கைத் திறந்தாள். டம்ளரில் ஊற்றினாள். கஞ்சி கஞ்சியைப் போலவே விழுந்தது. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு, மறுபடி ஊற்றிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் சுக்கூர், பழக்கத்தில்.

"நல்லாருக்கு அத்தா!"

சொன்ன பிறகுதான் சுராயாவுக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

சுக்கூர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் ஒரு முடிவு பண்ணிட்டேம்மா. இனிமே துடுப்பைத் தொட மாட்டேன். உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா, உன் வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா... பாலத்துல போறப்ப நெனச்சேன், எங்கையால..." அதற்குமேல் வரவில்லை. கிண்டலாக ஏதாவது சொல்லி முடித்துவிடுவது அவர் வழக்கம். தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அத்தா."

"ம்."

"அம்மாகிட்ட சொல்லமாட்டீங்களே?"

"என்னம்மா?"

சுராயா வாசலைப் பார்த்தாள். "நேத்து மத்தியானம் பக்கத்து வீட்டு மாங்கா. மொளகாப்பொடி உப்பு வச்சு... ஒண்ணு ரெண்டு இல்ல. மடி நெறைய. அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்னு கொட்டையையெல்லாம் கெணத்தடியில பொதைச்சேன். அந்த வலிதான் அத்தா இது. கஞ்சி இல்ல."

"அதெப்படிம்மா உறுதியாச் சொல்ற? டாக்டரம்மாவே சொல்ல முடியலங்கறாங்க. தூக்கு முழுக்கக் குடிச்சிருக்க."

"குடிக்கல அத்தா."

சுக்கூர் நிமிர்ந்தார்.

"ஒரு சொட்டு குடிக்கல. ஆட்டுக்கு ஊத்திட்டேன். ஊத்தக்கூட இல்ல, தட்டிப் போட்டேன்."

"ஆட்டுக்கா?" சுக்கூர் பதறினார். "ஆடு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. அதுவும் திங்கல."

சுக்கூர் எழுந்து வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நெஞ்சில் காலையிலிருந்து இறங்காமல் நின்ற ஏதோ ஒன்று, ஊறிக் கரைந்து, இறங்கியது. கண் இரண்டும் நிறைந்துவிட்டன. முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தொப்பிதான் கையில் இருந்தது. துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஒரு சந்தேகம் தலைதூக்கியது.

"நேத்து மட்டுந்தானேம்மா ஆட்டுக்கு?"

சுராயா ஜடையின் நுனியைப் பிரித்தாள்.

"போன வருஷம்? அதுக்கு முந்தி? நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, ஒவ்வொரு நாளும் தூக்கைக் கழுவிக் கவுத்தி வைப்பியே?"

"அத்தா, விடுங்களேன்..."

"சும்மா சொல்லும்மா. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். இன்னைக்கு ஊர் முழுக்கக் கேட்டுட்டேன், ஒருத்தரும் நேராச் சொல்லல. நீயாவது சொல்லு. என் கஞ்சி எப்படிம்மா இருக்கும்?"

சுராயா அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய வெயிலில் கறுத்த கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன உதை அந்தக் கையில் பட்டது.

"நல்லாவே இருக்காது அத்தா" என்றாள்.